ஆஸ்துமா யாருக்கு வருகிறது? சுங்கை சிப்புட் வாசகர்களுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் கணவருக்குச் சிறு வயது முதல் இளைப்பு உண்டு. எங்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் வருமா?

பதில்: பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது, இருவருக்கும் இருந்தால் மேலும் கூடும். ஆயினும் பிள்ளைக்கு வழிவழியாக வருவது நோய்க்கு இடங்கொடுக்கும் உடல்வாகுதானே தவிர, நோயே அன்று. கருவுற்ற காலத்தில் நீங்கள் சுவாசிக்கும் சிகரெட் புகை குழந்தையின் நுரையீரல் வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதால், வீட்டில் யாரும் புகைக்க இடம் தராதீர்கள். புகைப்பவர் மாமனாராக இருந்து, அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: தோட்டத்து லயத்தில் இரவு முழுவதும் கொசுவர்த்தி ஏற்றுகிறோம். குழந்தைக்கு ஆபத்தா?

பதில்: ஆம், இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலேசியாவிலும் சீனாவிலும் விற்கப்பட்ட கொசுவர்த்திகளைச் சோதித்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களைப் பரப்புவதாகக் கண்டது. சன்னலைச் சாத்திய சிறிய அறையில், கட்டிலுக்கடியில் சுருள் புகைய, அதற்கு மேலேயே குழந்தை விடியும்வரை உறங்குகிறது. டிங்கிக் காய்ச்சல் பயம் நியாயமானதே. ஆகவே கொசுவலை கட்டுங்கள், சன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள், வாளிகளிலும் பூந்தொட்டித் தட்டுகளிலும் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கதவுகளைத் திறந்து வைத்து, குழந்தையைச் சற்று நேரம் வெளியே வைத்திருங்கள்.

கேள்வி: மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் எனும் தோல் அரிப்பு வந்துவந்து போகிறது. இதற்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கரப்பான், ஓயாத தும்மல், ஆஸ்துமா மூன்றும் ஒரே ஒவ்வாமை உடல்வாகில் தோன்றக்கூடியவை. இரவில் இருமலோ மூச்சில் விசில் போன்ற ஓசையோ இருந்தால் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஐஸ் சாப்பிடுவதால் ஆஸ்துமா வருமா?

பதில்: வராது.

கேள்வி: ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடுமுறை நாள்களில் மட்டும் இளைப்பு இல்லை. ஏன்?

பதில்: வேலை நாளில் வந்து விடுமுறையில் தணியும் இளைப்பு, தொழில்வழி ஆஸ்துமாவின் முக்கிய அடையாளம். ரப்பர் பாலிலுள்ள புரதம் கையுறை மாவுடன் சேர்ந்து காற்றில் பரவும்போது, அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகிறது. நோய் தெரிந்த பின்னும் அதே இடத்தில் நீடித்தால், வேலையை விட்ட பிறகும் இளைப்பு விடாமற்போகலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு மூச்சிரைத்தது என்று ஒரு சிறு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்; நோய் உறுதியானால் வேறு பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீட்டுக்கும் மனுச் செய்யுங்கள்.