மேல்மாடி டிரம்ஸும் அலமாரிச் சான்றிதழ்களும்

அன்புள்ள ஐயா,

கைத்தடியைச் சுழற்றும் உரிமை அடுத்தவர் மூக்கு நுனி வரைதான் என்பார்கள். எனக்கு அதில் ஒரு குழப்பம். மேல்மாடியில் இருப்பவர் இரவு 11 மணிக்கு டிரம்ஸ் வாசிக்கிறார். கேட்டால், ‘என் வீடு, என் சுதந்திரம்’ என்கிறார். என் 24 வயது மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. தனியாகத்தான் தங்குவேன் என்கிறாள். அவளும் சுதந்திரம் என்ற சொல்லைத்தான் சொல்கிறாள். இரண்டு பேராலும் எனக்குத் தூக்கம் போயிற்று. அவரைத் தடுக்க எனக்கு உரிமை உண்டென்றால் இவளைத் தடுக்கவும் உண்டுதானே? அவளுடைய சான்றிதழ்கள் என் அலமாரியில் இருக்கின்றன. எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தூக்கம் போவது இரண்டிலும் உண்மை. போகிற வழிதான் வேறு. மேல்மாடிக்காரர் உங்கள் உயிர் நண்பராகவே இருந்தாலும், அவர் வாசிப்பை நீங்கள் ரசிப்பவராகவே இருந்தாலும், அந்தச் சத்தம் கூரை வழியாக இறங்கி உங்களை எழுப்பிவிடும். மகள் தனியாகத் தங்குவது அப்படியல்ல. அவள் செய்வது தவறு என்ற எண்ணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது அவளைப் பற்றிய கவலை மட்டும்தான். அது அவள் உங்களுக்குச் செய்த தீங்கு ஆகாது. நேராக வந்து தாக்குவதையும் நம் கருத்தின் வழியாக வந்து வலிப்பதையும் ஒரே தட்டில் வைத்தால் மூக்கு உவமை பயன்படாது. மனம் புண்படுவதெல்லாம் கணக்கு என்றால் ஒவ்வொருவர் மூக்கும் தெருக்கோடி வரை நீளும்.

1789ஆம் ஆண்டு பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் 4ஆம் பிரிவு, பிறருக்குத் தீங்கு செய்யாத எதையும் செய்ய முடிவதே சுதந்திரம் என்கிறது. தீங்கு என்கிறதே தவிர, பிடிக்காதது என்று சொல்லவில்லை. தீங்கு எப்போது தொடங்குகிறது என்பதற்கு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் தந்த உதாரணம் இன்றும் உதவும். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதலாம், தடுக்கக் கூடாது. அதையே ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம். சொன்னது அதேதான். இடமும் நேரமும் அதைத் தீங்காக்கிவிட்டன.

டிரம்ஸும் அப்படியே. மாலை 4 மணிக்கு அது அவர் பாடு. இரவு 11 மணிக்கு உங்கள் பாடு. ஆனால் தீங்கு இருக்கிறது என்பதாலேயே எந்தத் தடையும் சரி என்றாகிவிடாது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1986இல் ஓக்ஸ் வழக்கில் இதற்கு ஒரு சோதனை வகுத்தது. உரிமையைக் குறைக்க நினைப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். நோக்கம் முக்கியமானதா, தடை அந்த நோக்கத்துக்கு உதவுகிறதா, உரிமையை முடிந்த அளவு குறைவாகத் தொடுகிறதா, கிடைக்கும் நன்மைக்கு அந்த இழப்பு தகுமா? அரசுக்காக வகுத்த கேள்விகள் இவை, ஆனாலும் வீட்டுச் சண்டைக்கும் பொருந்தும். பெரும்பாலும் நாம் தோற்பது மூன்றாவதில்.

‘இந்த வீட்டில் டிரம்ஸே கூடாது’ என்று நீங்கள் கேட்டால் அங்கேதான் தோற்பீர்கள். நேரத்தைக் கேளுங்கள். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்ன அளவு. டிரம்ஸ் அருகில் 100 டெசிபலைத் தொடும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, அதனால் ஜன்னலைச் சாத்திச் சமாளிக்க முடியாது. எலெக்ட்ரானிக் டிரம்ஸும் ஹெட்போனும் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் பாதிதான் தீரும். சிம்பலின் சத்தம் நின்றுவிடும், ஆனால் கால் பெடலின் ஒவ்வொரு அடியும் தரை வழியாக இறங்கி உங்கள் கூரையில் தொம் தொம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதிர்வைத் தாங்கும் மேடை ஒன்று அடியில் வேண்டும், இரவு 9 மணிக்கு மேல் வாசிப்பதில்லை என்ற ஒப்புதலும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

மகள் விஷயத்துக்கு மில்லின் இன்னொரு உதாரணம். உடையும் நிலையில் ஒரு பாலம். அது தெரியாமல் ஒருவர் காலை வைக்கப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை. பிடித்து இழுக்கலாம். ஆபத்து நிச்சயமில்லை, இருக்கக்கூடும் என்பது மட்டும்தான் என்றால் எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. உங்கள் மகளுக்கு 24 வயது. போகிற ஊரில் எந்தப் பகுதி எப்படி, வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும், இரவு வேலை முடிந்தால் எப்படித் திரும்புவது என்று தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள். வருத்தத்தையும் மறைக்காதீர்கள். வாடகை தர முடியாது என்றுகூடச் சொல்லலாம், உங்கள் பணம் உங்கள் விருப்பம்.

‘அவள் நல்லதுக்குத்தான்’ என்று தொடங்கும் இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஒருவரின் உண்மையான நலன் அவரைவிட எனக்குத்தான் தெரியும் என்று சொல்லியே கட்டாயத்தை விடுதலை என்று பெயர் மாற்றிவிடலாம் என 1958இல் தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் ஆக்ஸ்ஃபோர்டு உரையில் எச்சரித்தார். பெற்றோரின் அன்பில் அந்த வழுக்கல் மிக எளிது.

சான்றிதழ்கள் அவளுடையவை. அவற்றைப் பூட்டி வைப்பது எச்சரிக்கை அல்ல, கட்டாயம். அவள் வேலையில் சேரும் நாளுக்கு முன் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வர நினைத்தால் அறை அப்படியே இருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.