தழும்பில் குடலிறக்கம்: தையல் போதுமா, வலை வேண்டுமா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஐந்து வருடம் முன்பு தொப்புளுக்குக் கீழே நெடுக்காக வெட்டி கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போது இருமினால் அந்தத் தழும்பில் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. வலை வைத்துத் தைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். உடம்புக்குள் பிளாஸ்டிக் எதற்கு, தையலே போதும் என்கிறார் நாத்தனார். எனக்குச் சர்க்கரையும் உண்டு. என்ன செய்யட்டும்?

பதில்: மேலே தோல் ஆறிவிட்டாலும், அடியில் வயிற்றுச் சுவரைத் தாங்கும் உறுதியான படலம் விலகிவிட்டது. ஒருமுறை தையலுக்கு நிற்காத இடம் அது. அதையே மறுபடி இழுத்துக் கட்டினால் நிற்குமா? நெதர்லாந்தில் நடந்து 2000-ல் வெளிவந்த ஆய்வில், தையல் மட்டும் போட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுக்குள் குடலிறக்கம் திரும்ப வந்தது. வலை வைத்தவர்களில் 24 சதவீதம். வலையும் முழு உத்தரவாதம் தராது என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது. பிளாஸ்டிக் பயத்துக்கு ஒரு பதில்: வலை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அறுவை சிகிச்சையில் நாங்கள் தைக்கும் நூல்களில் ஒன்றும் அதுதான்! வலைக் கண்களுக்குள் உங்கள் திசுவே வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, வலையை எந்த அடுக்கில் வைப்பார் என்று. தசைக்கு மேல், தோலுக்கு அடியில் வைப்பது சுலபம். ஆனால் தோலை அகலமாகப் பிரிப்பதால் நீர் கோத்துக்கொள்ளும், புண்ணில் சீழ் பிடித்தால் வலை வரை எட்டும். சர்க்கரை உள்ளவருக்கு அது நல்லதில்லை. லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள்ளேயே வைப்பதானால், குடலைப் பார்த்த பக்கம் ஒட்டாத பூச்சுள்ள வலை வேண்டும். விலை கூடும், வெட்டு சிறியது. இரண்டுக்கும் நடுவே, தசைக்குப் பின்னால் வைக்கும் முறை ஒன்று உண்டு. ரீவ், ஸ்டோப்பா என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர்கள் பரப்பியது. முன்னால் தசை, பின்னால் படலம். வலை குடலைத் தொடாது, முக்கும்போது வயிற்றின் அழுத்தமே அதைத் தசையோடு சேர்த்து அமுக்கும். உங்களுக்கு என் விருப்பம் இதுதான். ஆனால் சி.டி. ஸ்கேனில் இடைவெளியின் அகலத்தைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். எந்த முறையானாலும் ஓட்டையை மூடித் தைத்து, வலை அதைத் தாண்டி எல்லாப் பக்கமும் சுமார் 5 செ.மீ. போக வேண்டும். ஓட்டை அளவுக்கே வெட்டி விளிம்பில் தைத்த வலை, விளிம்பிலேயே பிய்ந்துவிடும்.

அவசரம் இல்லாதவரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரையை (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு நாள் குறியுங்கள். எடை கூடுதலென்றால் கொஞ்சமாவது குறையுங்கள். இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் இப்போதே வைத்தியம் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கலாம், மாடி ஏறலாம். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் வேறு யாராவது தூக்கட்டும்.

அதற்குள் என்றாவது புடைப்பு உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்து, காற்றும் பிரியாமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.