அக்கா தங்கை குரலும் கூத்தின் பின்பாட்டும்

கேள்வி: ஸ்வீடன் நாட்டு அக்கா தங்கை இருவர், ‘ஃபர்ஸ்ட் எய்ட் கிட்’ என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் பாடுவதைக் கேட்டேன். ஒருத்தி பாட, இன்னொருத்தி அதே வரியை வேறு சுரத்தில் சேர்ந்து பாடுகிறாள், உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர்க் கும்மியில் இப்படி இல்லையே? நானும் தங்கையும் பாடிப் பார்க்கலாமா?
- வாசகி, பென்னாகரம்

பதில்: தாராளமாகப் பாடுங்கள். அவர்களும் 2008இல் காட்டுக்குள் உட்கார்ந்து வேறொரு குழுவின் பாட்டைப் பாடி யூடியூபில் போட்டுத்தான் வெளியே தெரிந்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘ஆ’, ‘ஓ’ என்று வாய் திறக்கிற விதம்கூட ஒன்றுபோல இருக்கும், அதனால் குரல் பிரிந்து கேட்காது. அப்புறம் கணக்கு ஒன்று இருக்கிறது. ‘ச’ என்ற சுரம் நொடிக்கு 200 முறை அதிர்ந்தால், அதற்கு மேலே உள்ள ‘ப’ 300 முறை அதிரும், அது இரண்டு சுற்று முடிக்கும்போது இது மூன்று முடித்து இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும், காதுக்கு அதுதான் சுகம். கொஞ்சம் பிசகினாலும் ஒலி விம்மி விம்மிக் கேட்கும்.

நம் பாட்டு ஒற்றை மெட்டை நம்பி, வளைத்து இழுத்துப் பாடுவது. ஆனாலும் குரலோடு குரல் சேர்கிற சுகம் நமக்குப் புதிதில்லை. பாலக்கோடு பக்கம் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தில் விடியற்காலை மூன்று மணிக்குக் கேட்டிருக்கிறேன். வேஷக்காரர் அடியைப் பாடி நிறுத்தியதும் பின்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு மேல் ஸ்தாயியில், இன்னொருவர் கீழே, நடுவில் முகவீணை என்ற சின்ன ஊதுகுழல். கீழே பாடியவர் ஒரு மூச்சு பிந்தித்தான் முடித்தார், அந்தச் சின்ன விலகல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டில் இப்படித் தொடங்குங்கள். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவார்களே, அதுபோல தங்கை ‘ச’வை விடாமல் பிடிக்கட்டும், நீங்கள் கும்மி மெட்டைப் பாடுங்கள். அது நிலைத்ததும், ‘ச’வில் வந்து முடிகிற அடிகளில் கடைசி எழுத்துக்கு மட்டும் அவள் ‘ப’வுக்கு ஏறட்டும். எல்லா அடியிலும் வேண்டாம், கைத்தட்டுக்கும் இடம் வேண்டும். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எதிரெதிரே உட்காருங்கள், ஒருத்தி வாயை இன்னொருத்தி பார்த்துக்கொண்டே பாடினால் மூச்சு தானாகச் சேர்ந்துவிடும்.