வாசகர் கேள்வி – பதில்: லார்ஜ் கேப் ஃபண்டில் போட்டால் நஷ்டமே வராதா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் மகளுக்கு 3 வயது ஆகிறது. அவளுடைய கல்லூரிப் படிப்புக்காக 15 ஆண்டுகளுக்கு மாதம் 10,000 ரூபாய் சேமிக்க விரும்புகிறேன். வங்கியில் உள்ள ஒருவர், லார்ஜ் கேப் மியூச்சுவல் ஃபண்டின் ரெகுலர் பிளானில் எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) தொடங்கச் சொல்கிறார். பெரிய நிறுவனங்களில் மட்டுமே பணம் போவதால் நஷ்டமே வராது என்றும், ஆண்டுக்கு 15 சதவீதம் உறுதி என்றும் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் பரிந்துரைத்த திட்ட வகை உங்கள் தேவைக்குப் பொருந்தக்கூடியதே. ஆனால் அதற்காக அவர் சொன்ன இரண்டு காரணங்களையும் ஏற்க முடியாது. பங்குச் சந்தை சார்ந்த திட்டத்துக்கு இத்தனை சதவீதம் வருமானம் உறுதி என்று சொல்லி விற்பது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகளுக்கே முரணானது.

செபி 2017 அக்டோபரில் வகுத்த வரையறையின்படி, சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களே லார்ஜ் கேப் எனப்படுகின்றன. இந்த வகை ஃபண்ட் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அவற்றின் பங்குகளில் வைத்திருக்க வேண்டும். பட்டியலை ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. ஆக, ‘லார்ஜ் கேப்’ என்பது ஒரு நிறுவனம் இன்று எவ்வளவு பெரியது என்பதைக் குறிக்கிறதே தவிர, நாளையும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. 2018 ஆகஸ்ட்டில் 400 ரூபாயை ஒட்டி விற்ற யெஸ் பேங்க் பங்கு, 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் மீது கட்டுப்பாடு விதித்தபோது 20 ரூபாய்க்கும் கீழே போனது. அதுவரை அது, 50 முன்னணிப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 50 பட்டியலில் இருந்த பங்குதான். பல நிறுவனங்களில் பணத்தைப் பிரித்துப் போடுவதால் இப்படிப்பட்ட ஒரு சரிவை ஃபண்ட் தாங்கிக்கொள்ளும். ஆனால் சந்தை முழுவதுமே விழும்போது அதுவும் சேர்ந்தே விழும். 2008 ஜனவரியில் 6,200 புள்ளிகளைத் தாண்டியிருந்த நிஃப்டி, அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் 2,600-க்கும் கீழே இறங்கியது. பழைய உயரத்தை 2010 நவம்பரில் தொட்டும் அங்கே நிலைக்க முடியாமல் மீண்டும் சரிந்து, 2014-இல்தான் அதை உறுதியாகக் கடந்தது. ஐந்தாறு ஆண்டுகள் கணக்குப் புத்தகத்தில் வளர்ச்சியே தெரியாத நிலையிலும் மாதத் தவணையை நிறுத்தாமல் இருக்க முடியுமா என்பதை நீங்களே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவின்போதும் குறைந்த விலையில் யூனிட்டுகளை (ஃபண்டில் நம் பங்கின் அலகுகள்) வாங்கிக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் எஸ்.ஐ.பி. பலன் தந்தது.

அடுத்து, செலவு. வங்கி வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் விநியோகஸ்தருக்கான கமிஷன் ஆண்டுதோறும் உங்கள் முதலீட்டிலிருந்தே போகிறது. 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டுகளிலும் கிடைக்கும் டைரக்ட் பிளானில் அது கிடையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை இருக்கும். மாதம் 10,000 ரூபாய் 15 ஆண்டுகளுக்கு 12 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 50.4 லட்சம், 11 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 45.9 லட்சம் ஆகும் (இவை கணக்குக்கான அனுமானம் மட்டுமே). நீங்கள் கட்டுவது மொத்தம் 18 லட்சம்தான் எனும்போது, நாலரை லட்சம் என்பது அதில் கால் பங்கு.

என்னைக் கேட்டால், இந்த வகையில் நிஃப்டி 50 அல்லது நிஃப்டி 100 குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் பிளானையே முதலில் பார்க்கச் சொல்வேன். நாடே கவனித்துக்கொண்டிருக்கும் 100 நிறுவனங்களில், பிறர் கண்ணில் படாத ஒன்றை ஃபண்ட் மேனேஜர் கண்டுபிடிப்பது அரிது. போதாக்குறைக்கு, ஒரே நிறுவனத்தின் பங்கில் 10 சதவீதத்துக்கு மேல் போடவும் அவருக்கு அனுமதியில்லை. நீண்ட காலக் கணக்கில் பெரும்பாலான லார்ஜ் கேப் ஃபண்டுகள் குறியீட்டை முந்தாமல் போவதற்கு இவற்றோடு கட்டணமும் ஒரு காரணம். இண்டெக்ஸ் ஃபண்டுகளோ 0.25 சதவீதத்துக்கும் குறைவான ஆண்டுச் செலவில் கிடைக்கின்றன.

பத்து வயதுக்குட்பட்ட மகள் இருப்பதால், 10,000 ரூபாயில் ஒரு பகுதியைச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்திலும் போடலாம். அதன் வட்டிக்கு வரி கிடையாது, மகளுக்கு 18 வயதானதும் மேற்படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கவும் முடியும். ஃபண்டில் சேர்ந்த தொகையைக் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஆண்டு வரை அப்படியே வைத்திருக்க வேண்டாம். கடைசி மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாக எடுத்து வைப்பு நிதிக்கு மாற்றிவிடுங்கள். 2020-இல் இரண்டே மாதங்களில் நிஃப்டி 12,300-க்கு மேலிருந்து 7,610-க்கு வந்தது. அது ஆண்டு முடிவதற்குள் மீண்டுவிட்டது என்றாலும், ஏப்ரலில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஒரு லார்ஜ் கேப் ஃபண்டின் ரெகுலர் பிளானில் எஸ்.ஐ.பி. கட்டி வருகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக நிஃப்டியைவிடக் குறைவாகவே தருகிறது. முழுவதையும் விற்றுவிட்டு டைரக்ட் பிளானுக்கு மாறலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்து ஒரு ஃபண்டைத் தள்ளிவிட வேண்டாம், ஐந்து ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். ஒப்பிடும்போது, டிவிடெண்டையும் (ஈவுத்தொகை) சேர்த்துக் கணக்கிடும் டி.ஆர்.ஐ. குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். செய்தித்தாளில் வரும் நிஃப்டி புள்ளிகளில் டிவிடெண்ட் சேராது. அந்தக் கணக்கிலும் பின்தங்கினால் மாறுவது நியாயமே.

ஆனால் ஒரே ஃபண்டுக்குள் ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவதும் வருமான வரிச் சட்டப்படி விற்பனைதான். 2024 ஜூலை 23 முதல், 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் லாபத்தில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதங்களுக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீதம். எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் இந்த 12 மாதம் தனித்தனியாக எண்ணப்படும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எனவே புதிய தவணைகளை இப்போதே டைரக்ட் பிளானுக்கு மாற்றுங்கள். பழைய யூனிட்டுகளில் ஓராண்டைக் கடந்தவற்றை மட்டும், லாபம் 1.25 லட்சத்துக்குள் அடங்கும்படி மார்ச்சில் ஒரு பகுதியும் ஏப்ரலில் அடுத்த பகுதியுமாக மாற்றினால், இரண்டு நிதியாண்டுகளின் விலக்கையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: புதிதாக வரும் லார்ஜ் கேப் ஃபண்டின் யூனிட் 10 ரூபாய்க்கே கிடைக்கிறது, பழைய ஃபண்டின் என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் மதிப்பு) 900 ரூபாய். புதியதுதானே மலிவு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. இரண்டு ஃபண்டுகளும் பெரும்பாலும் அதே 100 நிறுவனங்களின் பங்குகளைத்தான் அன்றைய சந்தை விலைக்கு வாங்கப்போகின்றன. அந்தப் பங்குகள் 10 சதவீதம் உயர்ந்தால் 10 ரூபாய் யூனிட் 11 ஆகும், 900 ரூபாய் யூனிட் 990 ஆகும்; நீங்கள் போட்ட 9,000 ரூபாய் இரண்டிலுமே 9,900 ரூபாயாகத்தான் இருக்கும். பழைய ஃபண்டுக்கு, சந்தை விழுந்த ஆண்டுகளில் அது எப்படி நடந்துகொண்டது என்று எடுத்துப் பார்க்க ஒரு வரலாறாவது இருக்கிறது.