மருந்துக்கு மசியாத பாக்டீரியாவும் கடை இறைச்சியின் சான்றிதழும்

கேள்வி: கடைகளில் விற்கும் இறைச்சியில் ஆண்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாத பாக்டீரியா இருப்பதாகப் படித்தேன். ‘ஆண்டிபயாட்டிக் இல்லை’ என்ற சான்றுடன் வருவதைக் கூடுதல் விலைக்கு வாங்கினால் ஆபத்து நீங்குமா? இதையெல்லாம் அரசு கண்காணிப்பதில்லையா?

பதில்: நீங்காது. நீங்கள் அஞ்சுவது பாக்டீரியாவுக்கு. அந்தச் சான்று பேசுவதோ மருந்தைப் பற்றி. விலங்குக்கு மருந்து தரப்படவில்லை, அல்லது இறைச்சியில் அதன் எச்சம் இல்லை என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை. மருந்தின்றி வளர்த்த விலங்குகளின் இறைச்சியில் இத்தகைய பாக்டீரியா பொதுவாகக் குறைவுதான் என்றாலும், இறைச்சிக்கூடத்தின் கத்தியிலும் மேசையிலும் ஒரு விலங்கின் குடல் கிருமி இன்னொன்றின் இறைச்சிக்கு எளிதில் பரவிவிடும்.

இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். என்றோ ஒரு மாதிரியைச் சோதித்துப் பெற்ற அறிக்கையை மாதக்கணக்கில் எல்லாச் சரக்குக்கும் காட்டுவோர் உண்டு. எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை மாதிரி, எந்தத் தேதி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். வீட்டில் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம் என்று விற்கப்படும் சோதனைப் பெட்டிகளையும் நம்ப வேண்டாம். கிருமியைப் பிரித்து வளர்த்து, ஒவ்வொரு மருந்தையும் வெவ்வேறு செறிவுகளில் கொடுத்துப் பார்க்க ஆய்வகத்துக்கே சில நாட்கள் பிடிக்கும்.

அரசுக் கண்காணிப்பு இருக்கிறது. டென்மார்க் 1995இல் தொடங்கியது. அமெரிக்கா 1996இல் தொடங்கி, 2002 முதல் கடை இறைச்சியையும் வாங்கிச் சோதிக்கிறது. ஆனால் உங்கள் கையிலுள்ள பொட்டலத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலையன்று. எந்த மருந்து எந்தக் கிருமியிடம் வலுவிழந்து வருகிறது என்ற போக்கை அறிவதே நோக்கம். முடிவு வெளிவரும்போது அந்த இறைச்சி செரித்தே போயிருக்கும். அறிந்த பிறகாவது விரைகிறார்களா? வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபேக்டர் கிருமி மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெறுவதைக் காட்டி, கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாட்டிக்கைத் தருவதை நிறுத்த 2000இல் அமெரிக்க அதிகாரிகள் முன்மொழிந்தார்கள். மருந்துத் தயாரிப்பாளரின் எதிர்வாதங்களைக் கடந்து தடை நடைமுறைக்கு வந்தது 2005இல்.

செய்தித் தலைப்புகளைப் படிக்கும்போது ஒரு விதிவிலக்கை நினைவில் கொள்ளுங்கள். என்டரோகாக்கஸ் என்னும் குடல் பாக்டீரியா செஃபலோஸ்போரின் வகை மருந்துகளுக்குப் பிறவியிலேயே மசியாதது. பண்ணையில் யாரும் மருந்தைத் தவறாகப் பயன்படுத்தாவிட்டாலும் அது அப்படித்தான் இருக்கும். இதையும் கணக்கில் சேர்த்து ‘பெரும்பாலான இறைச்சியில் எதிர்ப்புத்திறன்’ என்று எழுதினால் எண்ணிக்கை பெரிதாகும், பொருள் சிறிதாகும். அதே என்டரோகாக்கஸ், கடுமையான தொற்றுகளுக்கு மருத்துவர்கள் நம்பியிருக்கும் வான்கோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக்குக்கு மசியவில்லை என்றால் அது மெய்யாகவே கவலைக்குரிய செய்தி. ஆகவே கிருமியின் பெயரையும் மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லாத எந்தச் சதவீதத்தையும் பொருட்படுத்தாதீர்கள்.

மருந்துக்கு மசியாத பாக்டீரியா வெப்பத்துக்கு மசியும். கோழி இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் சால்மோனெல்லாவும் கேம்பைலோபேக்டரும், எதிர்ப்புத்திறன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மடிந்துவிடும். உறைய வைப்பதை நம்ப முடியாது. பச்சை இறைச்சியைக் குழாயடியில் கழுவுவது கிருமியைச் சுற்றிலும் தெறிக்கச் செய்யும். காய்ச்சலோடு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரையை விழுங்காமல் மருத்துவரிடம் சென்று, மலத்தில் கிருமி வளர்ப்புச் சோதனை தேவையா என்று கேளுங்கள்.