உபுண்டு அப்கிரேடுக்குப் பிறகு டெர்மினல் திறக்கவில்லை. ஃபார்மட் செய்யாமல் சரிசெய்ய முடியுமா?

முடியும். ஃபார்மட் அடிக்கச் சொல்லும் பதில்களைத் தயவுசெய்து கேட்காதீர்கள். டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம், அதன் ஐகானை அழுத்தினால் கொஞ்சம் சுற்றிவிட்டு ஒன்றும் வராமல் நின்றுவிடுகிறது, பிரவுசரும் மற்றவையும் நன்றாக ஓடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்களும் கணினியைத் தமிழில் வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி வகுப்புகளுக்கு டீச்சர். உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்ததால் வீட்டு மடிக்கணினியை 22.04க்கு மாற்றினேன். நான் தமிழில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள் எல்லாம் அதில்தான். மாற்றிய பிறகு டெர்மினல் மட்டும் வரவில்லை. டவுனில் சர்வீஸ் பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். "டீச்சரே, சிஸ்டத்துல தமிழ் வெச்சிருக்கீங்கல்ல, அதுதான் பிரச்சினை. மொத்தமா அழிச்சிட்டு இங்கிலீஷ்ல போட்டுத் தர்றேன்" என்றார். மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செய்தது இதுதான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையலாம். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். முதலில், மொழி அமைப்பைக் காட்டும் 'லோகேல்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். அமைக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று முதல் வரியிலேயே வந்தது. அடுத்து 'லோகேல் -ஏ'. இருக்கும் மொழிகளின் பட்டியல் அது. அதில் தமிழ் ('டிஏ' என்று தொடங்கும் வரி) இல்லை! அமைப்பில் மொழி தமிழ் என்று எழுதியிருக்கிறது, ஆனால் அப்கிரேடில் தமிழ் மொழிப்பொதி கழன்று போயிருக்கிறது. சொன்ன மொழி கிடைக்காதபோது நிரல்கள் 'சி' என்ற பழைய அமைப்புக்கு இறங்கிவிடும். அது யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் முறை) கிடையாது. உபுண்டுவில் நாம் திறக்கும் டெர்மினலான க்னோம் டெர்மினல் யுடிஎஃப்-8 இல்லாமல் தொடங்காது. திரையில் ஒன்றும் காட்டாமல், கணினியின் பதிவில் மட்டும் நிலை 8 என்று பிழை விட்டு அது வெளியேறுவது இதனால்தான்.

ஆக, தமிழ் வைத்தது குற்றமில்லை. தமிழ் போனதுதான் குற்றம்.

'சூடோ ஏபிடி இன்ஸ்டால் லாங்குவேஜ்-பேக்-டிஏ' கொடுத்துப் பொதியைத் திரும்ப ஏற்றினேன். 'சூடோ லோகேல்-ஜென்' ஒருமுறை ஓட்டி, கணினியை அணைத்துப் போட்டேன். டெர்மினல் திறந்தது. 'டேட்' என்று அடித்தால் கிழமை தமிழில் வந்தது. (அதே கட்டளையை எஃப்3 திரையில் அடித்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து காட்டத் தெரியாது. அதைப் பார்த்து மறுபடி எதையாவது மாற்றிவிடாதீர்கள்.)

உங்கள் பட்டியலில் தமிழ் இருந்தால் காரணம் வேறு. அப்கிரேட் பாதியில் கரண்ட் போயிருந்தால் 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' கொடுத்து மிச்சத்தை முடிக்கவிடுங்கள். வீட்டில் யாராவது காணொளி பார்த்துப் பைத்தான் என்ற நிரல்மொழியின் பதிப்பை மாற்றியிருந்தாலும் டெர்மினல் திறக்காது, ஏனென்றால் உபுண்டுவில் அதைத் திறந்துவிடுவதே ஒரு பைத்தான் நிரல். 22.04க்குரியது 3.10, 24.04க்கு 3.12. பைத்தான்3 என்ற இணைப்பை அதற்கே திருப்பிவிடுங்கள்.

"ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டால் இந்த வம்பே இல்லையே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். வைத்துக்கொள்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் தமிழைத் தானாக யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். 1956இல் கேரளம் அமைந்தபோது கொழிஞ்சாம்பாறை இருக்கும் எங்கள் சித்தூர் தாலுக்கா இந்தப் பக்கம், கேரளத்தில், நின்றது. இன்றும் எங்கள் பிள்ளைகள் எஸ்எஸ்எல்சியைத் தமிழில் எழுதுகிறார்கள். ஆனால் பொள்ளாச்சியில் கல்யாணத்துக்குப் போனால் சொந்தக்காரர்களே "உங்க புள்ளைங்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். எவ்வளவு வலிக்கும் என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. கேரளப் பள்ளிகளில் விண்டோஸ் கிடையாதா என்று அதே ஆட்கள் சிரிப்பார்கள். 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற கேரள அரசின் பள்ளிக் கணினித் திட்டம் தொடங்கி, இன்று கைட் என்ற பெயரில், இங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உபுண்டு போன்ற கட்டற்ற மென்பொருளில்தான் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற மென்பொருள்) படிக்கிறார்கள். அதில் வளர்ந்த பிள்ளைகள் கறுப்புத் திரையைப் பார்த்து மிரளுவதில்லை.

கேள்விக்கு வெளியே போய்விட்டேன், மன்னிக்கவும். எஃப்3 திரையிலிருந்து பழைய திரைக்குத் திரும்ப கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2. 'லோகேல் -ஏ' கொடுத்து என்ன வருகிறது என்று இதற்குக் கீழேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாரிடமும் மெஷினைக் கொடுத்துவிடாதீர்கள்.