ஸ்கேனில் பை மட்டும் தெரிகிறது, கரு தெரியவில்லை: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வழக்கமாக 34 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வரும். இந்த முறை நாள் தள்ளிப்போனதால் 36-ஆம் நாள் வீட்டிலேயே கிட் வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தது. 39-ஆம் நாள் ஸ்கேன் எடுத்தபோது, "பை மட்டும் தெரிகிறது, கரு தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்றார்கள். கணக்குப்படி ஐந்தரை வாரம் ஆகிவிட்டதே, இதயத்துடிப்பு தெரிய வேண்டாமா? வாந்தி, குமட்டல் எதுவும் இல்லை. அடிவயிறு லேசாக இழுக்கிறது. ஒருநாள் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கறை பட்டது. விஷயம் தெரியாமல் தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் வேறு போட்டுவிட்டேன். தூக்கமே வரவில்லை.

பதில்: நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது 34 நாள் என்ற எண். உங்கள் பயத்துக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறோம். அன்றைக்குக் கரு என்று ஒன்று உருவாகியே இருக்காது. சினைமுட்டை பொதுவாக அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால் வெளியாகும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 14-ஆம் நாள் வாக்கில். உங்களுக்கு 20-ஆம் நாள் வாக்கில். அப்படியானால், ஸ்கேன் எடுத்த 39-ஆம் நாளில் உங்கள் கருவுக்கு வயது ஏறத்தாழ 19 நாள்தான். நாங்கள் வழக்கமாகப் போடும் 28 நாள் கணக்குக்கு மாற்றினால், 4 வாரம் 5 நாள். ஐந்தரை வாரம் ஆகவில்லை.

அந்தக் கட்டத்தில் என்ன தெரியும் தெரியுமா? பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில், கருப்பைக்குள் சில மில்லிமீட்டர் அகலத்தில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம். அதுதான் உங்களிடம் சொன்ன பை. அவ்வளவுதான். ஐந்தரை வாரம் வாக்கில் அந்த வட்டத்துக்குள் இன்னொரு குட்டி வளையம் தெரியும். அது மஞ்சள்கருப் பை, கருவுக்கு ஆரம்பத்தில் ஊட்டம் தருவது. ஆறாவது வாரத்தை ஒட்டி அதன் ஓரத்தில் வெண்மையாகத் தடித்த ஒரு சிறு கோடு, அதுதான் கரு, அதில் மினுக்மினுக்கென்று ஒரு துடிப்பு. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் இவை ஒவ்வொன்றும் இன்னும் சில நாள் தாமதமாகவே புலப்படும். ஆகவே உங்களுக்குப் பை மட்டும் தெரிந்தது கணக்கோடு ஒத்துத்தான் போகிறது.

இரண்டு வாரம் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. மஞ்சள்கருப் பை தெரியாத வெறும் பையைப் பார்த்த பிறகு குறைந்தது இரண்டு வாரம் விட்டுத்தான் மறுபடி பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் விதி. கருவின் நீளம் 7 மில்லிமீட்டரைத் தொட்டும் துடிப்பு இல்லை, அல்லது பை சராசரியாக 25 மில்லிமீட்டர் வளர்ந்தும் உள்ளே கரு இல்லை என்றால்தான் கர்ப்பம் வளரவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அவசரப்பட்டு, நல்ல கர்ப்பத்தைத் தவறாக முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே இவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள். நடுவில் மூன்று நாளைக்கு ஒருமுறை வெவ்வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. குழப்பமும் பதற்றமும்தான் கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மங்கலான கோட்டுக்கு வருவோம். கருவுற்ற முட்டை கருக்குழாயிலிருந்து நகர்ந்து வந்து கருப்பைச் சுவரில் பதிய, முட்டை வெளியானதிலிருந்து பெரும்பாலும் 6 முதல் 10 நாள் வரை ஆகும். பதிந்த பிறகுதான் எச்.சி.ஜி என்ற ஹார்மோன் உங்கள் ரத்தத்தில் சேர ஆரம்பிக்கும். தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். நீங்கள் கிட்டில் பார்த்தது அந்த ஏற்றத்தின் ஆரம்பத்தில், அதனால்தான் மங்கல். குறிப்பிட்ட நேரத்துக்குள் நிறத்தோடு விழுந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். கிட்டை வைத்துவிட்டு மறந்துபோய், நெடுநேரம் கழித்துப் பார்க்கும்போது தெரியும் சாம்பல் நிறத் தடத்தை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. சிறுநீர் காய்ந்ததால் வருவது அது. உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம், ஸ்கேனில் பையே தெரிந்துவிட்டது. கோடு அடர்த்தியாகிறதா என்று தினமும் கிட் வாங்குவதும் தேவையில்லை. கிட் அளவு சொல்லும் கருவி இல்லை. டாக்டருக்கு அளவு தெரிய வேண்டுமென்றால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பீட்டா எச்.சி.ஜி ரத்தப் பரிசோதனை எழுதுவார். ஒரே ஒரு எண்ணை வைத்து அதிகம் சொல்ல முடியாது.

வாந்தி வரவில்லையே என்ற கவலையை விட்டுவிடுங்கள். மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரம் வாக்கில் தொடங்கி, ஒன்பதாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல அடங்கும். உங்களுக்கு இன்னும் அந்த நேரமே வரவில்லை. சிலருக்குக் கடைசிவரை வராமலும் போகும், அதனால் குழந்தைக்குக் குறை ஒன்றும் இல்லை. இப்போதைக்கு மார்பு கனத்து வலிப்பது, காரணமில்லாத அசதி, அடிக்கடி சிறுநீர் வருவது, வயிற்று உப்புசம் இவைதான் அதிகம் தெரியும். ஒருநாள் இருந்து மறுநாள் இல்லாமல் போகும். அப்புறம் குமட்டல் ஆரம்பித்தால், வயிற்றைக் காலியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர் நிறத்தில் குறைவாகப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் "எல்லாருக்கும் வருவதுதானே" என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடிவயிறு மாதவிடாய் வரப்போவதுபோல் லேசாக இழுப்பது இந்த வாரங்களில் சகஜம். முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தக்கறை படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. பழுப்பு நிறம் என்றால் பழைய ரத்தம். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, உங்கள் ரத்தவகை நெகட்டிவ் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று அவர் பார்ப்பார்.

இனி வரும் பகுதியை உங்கள் கணவரும் படிக்கட்டும். மஞ்சள்கருப் பை தெரிந்த பிறகுதான் கர்ப்பம் கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று நூறு சதவீதம் உறுதியாகச் சொல்வோம். நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பம் வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகிறது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கூர்மையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம், மணிக்கு ஒரு பேட் நனையும் அளவு ரத்தப்போக்கு: இவற்றில் எது வந்தாலும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. நள்ளிரவானாலும் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

மாத்திரை விஷயம். தெரியாமல் போட்ட ஒன்றிரண்டு ஐபுப்ரோஃபெனை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள், இனி வலிக்கோ காய்ச்சலுக்கோ பாராசிட்டமால், அதுவும் தேவையான அளவு மட்டும். முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், ரத்த அழுத்தம், வலிப்பு, மூட்டுவாதம் போன்றவற்றுக்கான மருந்து எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் இன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள். ஐசோட்ரெடினாயினை உடனே நிறுத்திவிட்டே பேசலாம். வலிப்பு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வாரங்களிலேயே டோஸ் கூட்ட வேண்டியிருக்கும், அதையும் சொல்ல வேண்டும். மது, புகை இரண்டும் அறவே வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் விடும் புகையும் சேர்த்துத்தான்.

ஃபோலிக் ஆசிட் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள், தினமும் 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். உங்கள் கணக்கில் இன்னும் சில நாள் இருக்கிறது. சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, அல்லது முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தது என்றால் 5 மில்லிகிராம் தேவைப்படும். அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மறைப்பது சரியில்லை. பரிசோதனையில் உறுதியான கர்ப்பங்களிலும் நூற்றுக்கு 10 முதல் 20 வரை ஆரம்பத்திலேயே கலைந்துவிடுகிறது. பெரும்பாலும் கருவின் குரோமோசோம்களில் தற்செயலாக நேரும் பிழைதான் காரணம். நீங்கள் வேலைக்குப் போனதாலோ, படி ஏறியதாலோ, கணவரோடு சேர்ந்திருந்ததாலோ, மனம் கலங்கி அழுததாலோ அது நடப்பதில்லை. முழுநேரமும் படுத்தே கிடப்பதால் அதைத் தடுக்கவும் முடியாது. அதனால் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள், அசதியாக இருந்தால் படுங்கள்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது 34 நாள் சுழற்சி என்பதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். கரு தெரிந்தால் அதன் நீளத்தை அளந்து பிரசவத் தேதியைக் குறித்துத் தருவார்கள். கடைசி மாதவிடாயை வைத்து நீங்கள் போட்ட தேதியைவிட அது சுமார் ஆறு நாள் தள்ளி வரலாம். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பத்தாவது மாதத்தில் தேதி தாண்டிவிட்டதா, வலி வர மருந்து வைக்க வேண்டுமா என்ற பேச்சு வரும்போது அதைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.